ஹீட்டரை எந்தச் சுவரில் மாட்டுவது? வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

விடியற்காலை 4 மணிக்கே மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் பல வீடுகளில் விளக்கு எரிகிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், பாலத்தில் நெரிசல் ஏறுவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்தாக வேண்டும். தோட்டத்திலும் இதே கதைதான். பெரட்டுக்குப் போகிறவர் இருட்டிலேயே குளித்து முடிக்கிறார். ஜொகூர் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி போல் இருப்பதில்லை. ஆனாலும் இரவெல்லாம் மழை கொட்டிய டிசம்பர் காலையில் முதல் குவளையைத் தலையில் ஊற்றிக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. பிள்ளை பெற்ற பெண், பச்சைக் குழந்தை, மூட்டுவலியோடு இருக்கும் பாட்டி தாத்தா என்று சுடுதண்ணீர் தேவைப்படாத வீடும் இன்று குறைவு.

ஆகவே ஒரு நாள் கடைக்குப் போய் ஹீட்டர் வாங்கி வருகிறார்கள். மாட்டித் தர ஆள் வருகிறார். "அண்ணே, இதை எங்க மாட்டுறது?" என்று வீட்டுக்கார அம்மா கேட்கிறார். "நீங்க எங்க சொல்றீங்களோ அங்க மாட்டித் தரேன்மா" என்கிறார் வந்தவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் பிளக்குக்குப் பக்கமாக இருக்கும் சுவரில் துளை போடப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் இடம் தேர்ந்தெடுக்கப்படும் முறை இதுதான்.

குளிர்நாடுகளில் இந்தக் கேள்வி இன்னும் பெரியது. பிரிட்டனில் வீட்டையே சூடாக்கும் பாய்லர் ஒன்று சமையலறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ இருக்கும். அதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதற்குச் சட்டமே உண்டு. ஜொகூரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தலையெழுத்து யாருக்கும் இல்லை. இங்கே சூடாக்குவது குளிக்கும் தண்ணீரை மட்டுமே. அதனாலேயே இது சின்ன விஷயம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் நனைந்த உடம்போடு, வெறுங்காலோடு, கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருவர் தனியாக நிற்கும் அறை அது. மின்சாரமோ கேஸோ அங்கே தவறு செய்தால், வெளியே இருப்பவருக்குத் தெரிய வெகு நேரம் ஆகும்.

முதலில் வயர், பிறகுதான் சுவர்

தண்ணீர் ஓடும்போதே சூடாக்கித் தரும் சிறிய மின் ஹீட்டரைத்தான் நம் வீடுகளில் அதிகம் பார்க்கிறோம். அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் பெரும்பாலும் 3.6 கிலோவாட் என்று இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 3,600-ஐ 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 15.7 ஆம்பியர் வருகிறது. சுவரில் இருக்கும் சாதாரண மூன்று முள் பிளக் தாங்கக்கூடியது 13 ஆம்பியர். இந்தக் கணக்கு ஒன்றே போதும், சமையலறை பிளக்கிலிருந்து வயர் இழுத்து ஹீட்டருக்குக் கொடுப்பது ஏன் தவறு என்பதற்கு. முதல் நாள் வேலை செய்யும், முதல் மாதமும் வேலை செய்யும். பிளக்குக்குள் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து, கருகல் வாடை வரும்போதுதான் பிசகு தெரியும்.

ஹீட்டருக்கு மெயின் பாக்ஸிலிருந்து தனியாக ஒரு வயர் வர வேண்டும். வழக்கமாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 20 ஆம்பியர் எம்சிபியும் போடுகிறார்கள். இதனால் இடத்தைப் பற்றிய முதல் கேள்வி குளியலறைக்கு வெளியிலேயே தொடங்குகிறது. மெயின் பாக்ஸ் எங்கே இருக்கிறது? அங்கிருந்து வயர் எந்த வழியாக வரும்? இரண்டு குளியலறை இருந்து, ஒன்றில் மட்டும் ஹீட்டர் போடுவதாக இருந்தால், மெயின் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதில் போடுவது செலவைக் குறைக்கும். பிறகு இன்னொன்றுக்கும் போட நினைத்தால் அதற்கு வேறு வயர் வேண்டும். ஒரே வயரில் இரண்டு ஹீட்டரை ஓட்டக்கூடாது.

அடுத்தது உயிர் காக்கும் சுவிட்ச். எம்சிபி விழுந்துவிடும், பயமில்லை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எம்சிபி 20 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். ஈர உடம்பு வழியாகப் பாயும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் நூறில் சில பங்கு இருந்தாலே இதயம் தடுமாறலாம். எம்சிபி அதை உணரவே உணராது. அது வயரைக் காப்பாற்றச் செய்யப்பட்டது, மனிதனைக் காப்பாற்ற அல்ல. மனிதனைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. பழைய ஆட்கள் ஈஎல்சிபி என்று சொல்வது இதைத்தான். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள், உடனே விழுந்துவிடும்.

எவ்வளவு கசிந்தால் விழ வேண்டும் என்பதை மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. பொதுவான பாதுகாப்புக்கு 100 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர். குளியலறை ஹீட்டர் மூன்றாவது வகை. மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்தால், ஆர்சிசிபியின் முகத்தில் அந்த எண் எழுதியிருக்கும். ஆம்பியர் கணக்கில் 0.01 என்றும் போட்டிருக்கலாம். வீட்டில் 100 என்று எழுதிய ஒன்று மட்டுமே இருந்தால், ஹீட்டர் மாட்டுவதற்கு முன் 10 என்று எழுதிய ஒன்றை அதற்கெனச் சேர்க்கச் சொல்ல வேண்டும். "ஹீட்டருக்குள்ளேயே ஈஎல்சிபி இருக்குதுங்க" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது இருப்பது நல்லதுதான். ஆனால் அது ஹீட்டருக்குள் நடப்பதை மட்டும் பார்க்கும். மெயின் பாக்ஸிலிருந்து ஹீட்டர் வரை வரும் வயர் வழியில் எங்காவது உரிந்து கசிந்தால் அதற்குத் தெரியாது.

எர்த் வயரை இதோடு சேர்த்தே பேச வேண்டும். எர்த் சரியாக இருந்தால், ஹீட்டரில் கசிவு வந்த கணமே மின்சாரம் பூமிக்குப் போகும், ஆர்சிசிபி விழும், யாரும் தொடுவதற்கு முன்பே ஆபத்து நீங்கும். எர்த் இல்லாத வீட்டில், கசியும் மின்சாரம் பூமிக்குப் போக ஒரு வழி கிடைக்கும் வரை காத்திருக்கும். அந்த வழி, குழாயைத் திருக வரும் ஆளாக இருக்கும். நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு எர்த் என்பது வீட்டோரம் மண்ணில் அடித்திருக்கும் ஒரு செம்புக் கம்பி. வேலி போடும்போது, சிமெண்டு பூசும்போது, கார் ஷெட் கட்டும்போது அதை வெட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் வயரைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். பத்து வருடமாக யாரும் அதைப் போய்ப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஹீட்டர் மாட்ட வருகிறவரிடம் எர்த்தை அளந்து பார்க்கச் சொல்வது வீண் செலவல்ல.

தெறிக்கும் தண்ணீருக்கு எட்டாமல்

இப்போது சுவருக்கு வரலாம். அனைத்துலக மின் தர விதிகள் குளிக்கும் இடத்தைச் சுற்றி ஓர் எல்லை போடுகின்றன. தொட்டி எதுவும் இல்லாத, நம் வீடுகளில் இருப்பது போன்ற திறந்த ஷவருக்கு, தண்ணீர் வரும் இடத்திலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர், தரையிலிருந்து உயரே 2.25 மீட்டர். இந்த எல்லைக்குள் சுவிட்ச் இருக்கக்கூடாது. தாமான் வீடுகளின் குளியலறையை அளந்தால், அகலம் ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. அப்படியானால் சுவிட்சுக்கு உள்ளே இடமே இல்லை. ஹீட்டருக்கான சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கதவோரமாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக அறுக்கும் இரட்டைத் துருவ சுவிட்சாக அது இருக்க வேண்டும். சின்ன விளக்கு உள்ள சுவிட்ச் என்றால் அணைக்க மறந்தது தூரத்திலிருந்தே தெரியும்.

ஹீட்டர் மட்டும் எல்லைக்குள் இருக்கலாம். ஆனால் தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாதபடி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பெட்டியில் ஐபி25 என்பது போல ஓர் எண் இருக்கும். அதில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் எல்லாப் பக்கமும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், 5 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும். நம் வீடுகளில் குளியலறையைக் கழுவுகிற விதத்துக்கு 5 இருப்பதே நல்லது. கூடவே சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய பொருளில் அது இல்லை என்றால், மலிவின் காரணம் புரிந்துவிடும்.

எண் எதுவாக இருந்தாலும், ஷவர் தலைக்கு நேர் கீழே, தண்ணீர் நாள்தோறும் விழும் கோட்டில் ஹீட்டரை மாட்டக்கூடாது. ஷவருக்குப் பக்கவாட்டில், குளிப்பவரின் கண் மட்டத்தில், நிமிர்ந்த நிலையில் மாட்டினால், சூட்டைக் கூட்டிக் குறைக்கவும் எளிது, சிறு பிள்ளைகளின் கைக்கும் எட்டாது. படுக்க வைத்தோ தலைகீழாகவோ மாட்டினால், உள்ளே காற்று தங்கி, சூடேற்றும் கம்பி தண்ணீரில்லாமல் காய்ந்து எரிந்துபோகும். துணி மாட்டும் கொடியை ஹீட்டருக்கு மேலே கட்டுவதும் பல வீடுகளில் இருக்கும் பழக்கம். சொட்டும் துணியின் தண்ணீர் நேராக அதன் மேல்தான் விழுகிறது.

இவ்வகை ஹீட்டருக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் குழாய் உள்ளே வரும் பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். வெளியே போகும் பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். "சோப்புப் போடும்போது நிறுத்திக்கொள்ளலாமே" என்று ஷவர் ஹோஸ் பக்கத்தில் ஒரு வால்வைச் சேர்த்துவிடுகிறார்கள். உள்ளே சூடான தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. ஹோஸ் மடங்கி நெரிபட்டாலும் இதே கதிதான். ஆகவே ஹோஸ் மடங்காமல் தொங்க இடம் இருக்கிறதா என்பதையும் சுவரைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

தண்ணீரின் வேகமும் இடத்தைத் தீர்மானிக்கிறது. மேலே டேங்க்கிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒவ்வொரு மீட்டர் உயரமும் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம் தரும். ஒரு மாடி வீட்டில் கூரைக்குள் இருக்கும் டேங்க், ஷவரைவிட ஒன்று இரண்டு மீட்டர்தான் உயரத்தில் இருக்கும். அந்த மெலிந்த ஓட்டத்தில் பல ஹீட்டர்கள் சூடேறவே தொடங்காது. இரட்டை மாடி வீட்டில் மாடிக் குளியலறைக்கும் அதே நிலை, கீழ்க் குளியலறைக்கு அந்தக் குறை இல்லை. மாடியில்தான் வேண்டும் என்றால் பம்ப் வைத்த ஹீட்டர் வாங்க வேண்டும். ஆனால் அந்த பம்பை டேங்க் தண்ணீரில் மட்டுமே இணைக்கலாம். ரன்ஹில் எஸ்ஏஜே நேரடிக் குழாயில் இணைத்துப் பொதுக் குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது கூடாது.

ஓட்டம் அதிகமானால் சூடு குறையும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 3.6 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடும் தண்ணீரை ஏறக்குறைய 10 டிகிரி ஏற்றும். 27 டிகிரி தண்ணீர் 37 ஆகும். குளிக்க அது போதும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் 5 டிகிரிதான் ஏறும். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று திட்டுவதற்கு முன் குழாயைக் கொஞ்சம் மூடிப் பார்க்கலாம்.

தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் ஹீட்டர்

15, 30, 50 லிட்டர் என்று தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் ஹீட்டருக்கு வேறு கவலைகள். 30 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 30 கிலோ. ஹீட்டரின் சொந்த எடையும் சேர்ந்தால் ஒரு மூட்டை அரிசிக்கு மேல். அது பல வருடம் ஒரே சுவரில் தொங்க வேண்டும். செங்கல் சுவரில், சரியான போல்ட்டு போட்டால் தாங்கும். தடுப்புப் பலகையிலோ பிளாஸ்டர் போர்டிலோ தாங்காது. கழிப்பறை இருக்கைக்கு நேர் மேலே மாட்டுவதைக் கூடுமானவரை தவிர்க்கலாம்.

ஹீட்டர் கண்ணுக்குத் தெரிந்தால் அழகு போகிறது என்று குளியலறையின் பொய்க் கூரைக்கு மேலே ஒளித்து வைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. படுக்கவைக்கும் வகை ஹீட்டரைத் தாங்க சிமெண்டுத் தளமோ கட்டமைப்போ அங்கே இருந்தால் தவறில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது மனத்தில் நிற்பதில்லை. கீழே சொட்டத் தொடங்கிய பிறகுதான் மேலே கசிந்திருப்பது தெரியும். எலி வயரைக் கடித்ததும் அப்படித்தான். ஒளித்து வைப்பதாக இருந்தால், ஆள் தலையும் கையும் நுழையும் அளவுக்குத் திறப்பு ஒன்று விட்டாக வேண்டும். உள்ளே துருவைத் தடுக்க வைத்திருக்கும் கம்பியைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும், அடியில் தேங்கும் மண்டியை வெளியேற்றவும் அந்த வழிதான் உதவும்.

இந்த ஹீட்டரின் அடியில் அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு சிறிய வால்வு உண்டு. தண்ணீர் சூடானால் விரியும்; விரிந்த மிச்சம் அங்கிருந்து சொட்டும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடுவதைவிட ஆபத்தான காரியம் இந்த விஷயத்தில் வேறில்லை. வெளியே போக வழியில்லாத சுடுதண்ணீரோடு மூடிய பாத்திரம் எந்த வேகத்தில் வெடிக்கும் என்பதை பிரஷர் குக்கரோடு பழகியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வால்விலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி இறங்கி, யார் மேலும் படாத இடத்தில், தரை வடிகால் பக்கமாக முடிய வேண்டும். அதற்கு இடமில்லாத சுவர், இந்த ஹீட்டருக்கு ஏற்ற சுவர் அல்ல.

குளியலறைக்கு எவ்வளவு பக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 10 மீட்டர் தூரம் குழாய் ஓடினால், அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆறிப்போய் நிற்கும். ஒவ்வொரு முறையும் அதை வடித்துவிட்டுத்தான் சூடு வரும். 30 லிட்டரை 27-இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1.2 யூனிட் மின்சாரம் ஆகும். இரவெல்லாம் ஓடவிட்டால் ஆறுவதும் சூடேறுவதுமாகக் கூடுதலாகப் போகும். சிக்கனம் என்று 40 டிகிரியில் வைத்துத் தேக்குவதும் நல்லதல்ல, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர்வது அந்த வெதுவெதுப்பில்தான். 60 டிகிரியில் அது சாகும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். ஆகவே குளிர்நீரோடு கலந்து தரும் குழாய் இல்லாமல் இந்த ஹீட்டரை மாட்டக்கூடாது, குழந்தை உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம்.

கேஸ் ஹீட்டர்: குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம்

மின்கட்டணத்துக்குப் பயந்தும், மின் அதிர்ச்சிக்குப் பயந்தும், கேஸ் சிலிண்டரில் ஓடும் ஹீட்டரைப் பற்றிச் சிலர் விசாரிக்கிறார்கள். சமையல் கேஸ்தானே, பழகியதுதானே என்ற தைரியம். இங்கேதான் இடம் என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாகிறது.

இந்தியாவில் இதற்கு விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறார்கள். அங்கே நகரங்களில் கேஸ் கீசர் பரவியபோது, சிறிய குளியலறைகளுக்குள்ளேயே அதை மாட்டினார்கள். குளிக்கப் போனவர்கள் மயங்கிக் கிடந்ததும், சிலர் வலிப்பு வந்து மருத்துவமனைக்கு வந்ததும், சிலர் இறந்ததும் தொடர்ந்து நடந்தன. மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சின்ட்ரோம்' என்றே பெயர் வைத்துக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. கேஸ் நன்றாக எரிய நிறைய காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் ஒரு சிறிய கேஸ் ஹீட்டர் 10 நிமிடம் ஓடினால், எரிவதற்கு 2 கன மீட்டருக்கும் அதிகமான காற்று தேவைப்படும். நம் குளியலறை முழுவதுமே 7 கன மீட்டர்தான் இருக்கும். ஒரே குளியலில் அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துபோகிறது. காற்று குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பிடித்துக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பிறகு கால் துவண்டுவிடும். ஆபத்து புரிந்து கதவைத் திறக்க நினைக்கும்போது கை ஒத்துழைக்காது.

நம் முன்னோர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்றாலும் நெருப்பை எங்கே வைப்பது என்று அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் நடுவில் புகைக்குழாய் வைத்த செம்பு பாய்லர் கொல்லைப்புறத்தில் நிற்கும். ஜொகூர் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கல் அடுப்பில் ரப்பர் விறகு எரியும், தகரத்தில் தண்ணீர் காயும். எரிந்தது வெளியே, குளித்தது உள்ளே. விறகுப் புகை கண்ணைக் கரித்து ஆளை எழுப்பிவிடும் என்ற பாதுகாப்பும் இருந்தது. கேஸ் ஹீட்டர் சுத்தமாக எரிவது போல் தெரிவதே அதன் சூது.

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள், குளியலறையில் வைக்கும் கேஸ் சாதனம் அறைக் காற்றைத் தொடாததாக, வெளியிலிருந்து காற்றை இழுத்து வெளியிலேயே புகையைத் தள்ளும் மூடிய வகையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. இங்கே கடையில் கிடைக்கும் மலிவான ஹீட்டர்கள் பெரும்பாலும் அந்த வகையல்ல. ஆகவே கேஸ்தான் என்று முடிவு செய்தால், ஹீட்டர் குளியலறைக்கு வெளியே, காற்றாடும் பின்புறச் சுவரில், மழைச் சாரல் படாத கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். குழாய் வழியாகச் சுடுதண்ணீர் மட்டும் உள்ளே வர வேண்டும். மேலே இருக்கும் ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டினால் புகை அந்த ஜன்னல் வழியாகவே வீட்டுக்குள் நுழையும். "எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே" என்பதும் பதிலல்ல. அறைக்குள் இருக்கும் ஹீட்டரின் புகைக்குழாயிலிருந்து அந்த ஃபேனே புகையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடக்கூடும்.

பின்புறத்தைப் பூட்டிக் கூரை போட்டு, கண்ணாடி ஜன்னல் வைத்து, 'வெட் கிச்சன்' ஆக்கிவிட்ட தாமான் வீடுகள் ஏராளம். அப்படிச் செய்த பிறகு அது வெளிப்புறம் அல்ல. முன்பு பாதுகாப்பாக இருந்த ஹீட்டர், வீட்டை நீட்டிக் கட்டியதால் ஆபத்தானதாக மாறிவிடும். சிலிண்டரின் இடமும் முக்கியம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் கால்வாயிலும் தங்கும். வடிகால் வாய்க்குப் பக்கத்தில் சிலிண்டரை வைப்பது அதனால் தவறு.

கூரையில் சூரிய ஒளி ஹீட்டர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: 300 லிட்டர் டேங்க் என்றால் 300 கிலோ தண்ணீர். பழைய மரக்கூரைச் சட்டங்களை ஆள் வைத்துப் பார்க்காமல் ஏற்ற வேண்டாம்.

தோட்ட வீட்டில்

தோட்டத்து வீடுகளின் நிலை தனி. ஒரு காலத்தில் மாலையில் சில மணி நேரம் லைட் இஞ்சின் ஓடும், இரண்டு பல்பு எரியும். அதற்கெனப் போட்ட வயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு இன்று ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாவற்றையும் ஓட்டும் லயங்கள் உண்டு. எர்த் வயரே போகாத பழைய வீடுகளும் இருக்கின்றன. அங்கே எந்தச் சுவர் என்பது இரண்டாவது கேள்வி. வயரிங்கை மாற்றாமல் எந்தச் சுவரிலும் மாட்டக்கூடாது. பலகைச் சுவர் என்றால் எடை, ஈரம், தீ மூன்றையும் யோசிக்க வேண்டும். குளியலறை வீட்டுக்கு வெளியே தனியாக இருந்தால், திறந்த வெளியில் வயரைத் தொங்கவிட்டுக் கொண்டுபோவது மழைக்கும் இடிக்கும் வாசல் திறந்து வைப்பது போல.

வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது என்பதால் முதலில் அவர்களிடம் எழுத்தில் கேட்பதே முறை. தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் முதலாளி, தண்ணீரும் மின்சாரமும் போதிய அளவு கிடைக்கச் செய்து, வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம் சொல்கிறது. மின் கசிவு உள்ள வயரிங் பழுது இல்லை என்று யாரும் வாதாட முடியாது. பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அதுவரை பழைய முறைப்படி, அடுப்பில் காய்ச்சி வாளியில் கலந்து குளிப்பது எவ்வளவோ மேல். வாளிக்குள் போடும் கொதிகம்பியை மட்டும் யாரும் வாங்க வேண்டாம். எர்த் இல்லாத வீட்டில் அதைத் தண்ணீரில் போடுவது விளையாட்டல்ல.

தாமானிலும் சரி, தோட்டத்திலும் சரி, வயர் இழுக்கும் வேலையை எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிவு பெற்ற குத்தகையாளரிடமே கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு சான்றிதழ்களைக் கேட்டு வாங்கலாம். முதலாவது மேற்பார்வைக்கும் முடித்ததற்கும், இரண்டாவது சோதனை செய்ததற்கும். "நம்ம ஆளுதானே, பேப்பர் எதுக்கு?" என்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சோதனைக் கருவியை வைத்து அளந்தாரா என்பதற்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி.

வெள்ளம் ஏறிய வீடு

ஜொகூர்க்காரர்கள் இடம் பார்க்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2006 டிசம்பரில் தொடங்கி மறு ஜனவரி வரை கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளமும், 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட், குளுவாங் பக்கம் வீடுகளுக்குள் புகுந்து சில இடங்களில் வாரக்கணக்கில் வடியாமல் நின்ற வெள்ளமும் யாருக்கும் மறந்திருக்காது. பழைய வெள்ளத்தின் சேற்றுக் கோடு பல வீட்டுச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. ஹீட்டரின் சுவிட்சும், முடிந்தால் மெயின் பாக்ஸும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். சிங்க்குக்கு அடியில், தரையோரம் வைக்கும் சிறிய ஹீட்டர் அத்தகைய வீடுகளுக்கு ஆகாது.

தண்ணீர் நெருங்குகிறது என்று தெரிந்ததும், தரை காய்ந்திருக்கும்போதே மெயினை அணைத்துவிட்டு வெளியேற வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு மெயினைத் தொடக்கூடாது. தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொன்னால் அவர்கள் வெளியிலிருந்தே துண்டிப்பார்கள். வடிந்து வீடு திரும்பியதும் சேறு கழுவுகிற கையோடு சுடுதண்ணீரில் குளிக்கத் தோன்றும். ஹீட்டருக்குள்ளோ சுவிட்சுக்குள்ளோ வெள்ளம் புகுந்திருந்தால், வெயிலில் காய வைத்துப் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். ஆள் வந்து திறந்து, எர்த்தையும் கசிவையும் அளந்த பிறகே போட வேண்டும்.

வெள்ளம் வராத வீட்டிலும் மாதம் ஒருமுறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறிய பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால், அதை மாற்றும் வரை ஹீட்டரை அணைத்தே வைக்க வேண்டும். இடியோடு மழை பெய்த மறுநாள் இதைச் செய்வது இன்னும் நல்லது. அடிக்கடி விழுகிறது என்று சலித்துக்கொண்டு, 10 மில்லி ஆம்பியரைக் கழற்றிவிட்டு 100 மில்லி ஆம்பியரை மாட்டச் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. விழுகிற சுவிட்ச் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய ஹீட்டரில் சூடேற்றும் கம்பி வெடிப்பு விட்டிருக்கலாம், இணைப்புக்குள் ஈரம் ஏறியிருக்கலாம். ஆளைக் கூப்பிட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை அந்தக் குளியலறையில் வாளித் தண்ணீர்தான்.